புலமைப்பரிசில் சீசனும் ‘மூளைச் சிரப்’ போத்தல்களும்

தெஹிவளைத் தென்றல்:
ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் கிட்ட வந்தால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாமசி அலுமாரிகளின் முன்வரிசை மாறிவிடும். வல்லாரை சிரப், பிரமி குளிசை, ஒமேகா-3 கம்மி, கொட் லிவர் ஒயில் என்று வரிசையாக நிற்கும். எல்லா மட்டையிலும் ‘இயற்கை’, ‘ஞாபகசக்தி’, ‘கவனம்’. எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. இவற்றில் எதற்காவது பிள்ளைகளில் முறையாகச் செய்த சோதனையில் பலன் கிடைத்ததா? இயற்கை என்பதால் கெடுதி இல்லை என்று நம்பலாமா? விஷயம் தெரிந்தவர்கள் அளவு, காலம் சொல்லி எழுதுங்கள். ‘எங்கட பிள்ளைக்குக் குடுத்தம், நல்லா வந்தது’ வகைப் பதிவுகள் இந்த இழைக்கு வேண்டாம்.

மருந்துக்கூடு:
ஆகக் கூடுதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது மீனெண்ணெய்தான். 2005-ல் வெளிவந்த ஆய்வில் இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் உடல் ஒருங்கிணைப்புச் சிக்கல் உள்ள 117 பிள்ளைகளுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள். வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் முன்னேறின. மட்டைகளில் வரும் வாசகமெல்லாம் இதிலிருந்து பிறந்ததுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை மட்டையில் போடமாட்டார்கள். 2012-ல் வெளிவந்த சோதனையில் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் வாசிப்பில் பின்தங்கிய, மற்றபடி ஆரோக்கியமான 7 முதல் 9 வயதுப் பிள்ளைகள் 362 பேருக்கு 16 வாரம், நாளுக்கு 600 மி.கி. டிஎச்ஏ (ஒமேகா-3 கொழுப்புகளில் ஒன்று) கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் வாசிப்பில் வித்தியாசமில்லை. அடிமட்ட 20 சதவீதத்துக்குள் இருந்தவர்களில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. சரி, அந்தப் பிரிவிலாவது உண்மையா என்று பார்க்க அதே அளவில், அதே 16 வாரம், 376 பிள்ளைகளில் திரும்பச் செய்து 2018-ல் வெளியிட்டார்கள். ஒன்றுமில்லை. கவனக்குறைவு, மிகைத்துடிப்பு (ஏடிஎச்டி) உள்ள பிள்ளைகளில் செய்த 37 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2023 கொக்ரேன் மீளாய்விலும் பெற்றோர் போட்ட கவனப் புள்ளிகளில் மீனெண்ணெய்க்கும் போலி மருந்துக்கும் (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்துச் சத்து இல்லாத குளிசை) வேறுபாடு கிடைக்கவில்லை.

கடுக்காய்:
எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவைக் கொடுத்துவிட்டுச் சராசரி எடுத்தால் ஒன்றுமில்லை என்றுதான் வரும். 2019-ல் வெளிவந்த சோதனையில் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் தாய்வான் ஆய்வாளர்களும் சேர்ந்து ஏடிஎச்டி உள்ள 92 பிள்ளைகளுக்கு 12 வாரம் நாளுக்கு 1.2 கிராம் ஈபிஏ (மீனெண்ணெயிலுள்ள இன்னொரு ஒமேகா-3) கொடுத்தார்கள். இரத்தத்தில் ஈபிஏ குறைவாக இருந்த பிள்ளைகளுக்குக் கவனம் முன்னேறியது. தேகம் பார்த்து மருந்து கொடு என்று சித்த வைத்தியம் சொல்வதும் இதைத்தான். ‘மீனெண்ணெய் வேலை செய்யாது’ என்று அள்ளிக் கொட்டாதீர்கள். யாருக்கு என்று கேளுங்கள்.

குங்குமப்பூவையும் பாருங்கள். 2019-ல் வெளிவந்த சோதனையில் ஈரானில் 54 பிள்ளைகளில் ஆறு வாரம் மெதில்பெனிடேற்றுடன் (ஏடிஎச்டிக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்து) ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை.

மருந்துக்கூடு:
ஐயா, தாய்வான் சோதனையின் மற்றப் பாதியையும் சொல்லுங்கள். இரத்தத்தில் ஏற்கெனவே ஈபிஏ கூடுதலாக இருந்த பிள்ளைகள், யோசிக்காமல் திடுதிப்பென்று செய்வதைக் கட்டுப்படுத்துவதில் போலி மருந்து எடுத்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். வாரத்தில் நாலு நாள் மீன் தின்கிற வீட்டுப் பிள்ளைக்கு மேலும் 1.2 கிராம் ஊற்றுவது நட்டம்கூட ஆகலாம். இரத்தம் பார்க்காமல் போத்தல் வாங்குகிறவர் தன் பிள்ளை எந்தப் பக்கம் என்று எப்படி அறிவார்?

குங்குமப்பூச் சோதனையில் போலி மருந்துக் குழுவே இல்லை. 54 பேரை இரண்டாகப் பிரித்தால் வித்தியாசம் இருந்தாலும் கண்ணில் படாது. ‘வித்தியாசம் தெரியவில்லை’ என்பதைச் ‘சமம்’ என்று வாசிக்க முடியாது.

பிரமி பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், எப்படியும் வரும். 2022-ல் அவுஸ்திரேலியாவில் கவனக்குறைவும் துடிப்பும் உள்ள 6 முதல் 14 வயது ஆண்பிள்ளைகள் 112 பேரில் 14 வாரச் சோதனை வெளிவந்தது. நடத்தைப் புள்ளிகளில் போலி மருந்திலிருந்து வேறுபாடில்லை. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனதை மாற்றும் சோதனையிலும் நித்திரையிலும் சிறிது நன்மை. ‘கவனம் கூடும்’ என்று மட்டையில் எழுத அது போதாது.

கடுக்காய்:
பிரமி என்று நீங்கள் சொல்வது நீர்ப்பிரமி. புறக்கோட்டை மூலிகைக் கடைத்தெருவான கபோஸ் லேனில் ‘பிரமி’ கேட்டால் ஒரு கடையில் அதையும் மறு கடையில் வல்லாரையையும் தரக்கூடும், ஏனென்றால் இரண்டையும் அந்தப் பெயரால் அழைக்கும் வழக்கம் உண்டு. வல்லாரை இலை சிறுநீரக வடிவம், ஓரம் பல்பல்லாக, நீண்ட காம்பு, தரையில் ஓடும். நீர்ப்பிரமிக்குச் சின்னத் தடித்த இலை, எதிரெதிராக இரண்டிரண்டு, நல்ல கைப்பு, சிங்களத்தில் லுணுவில. இரண்டும் வேறு குடும்பம், வேறு சத்து. ஒன்றின் ஆய்வை மற்றதின் போத்தலில் ஒட்டும் கம்பனிகளை நானும் ஆதரிக்கவில்லை.

ஆனால் இன்னொன்று. பெரியவர்களில் செய்த நீர்ப்பிரமிச் சோதனைகளில் 300 மி.கி. சாறுக்குளிசையை 12 வாரம் கொடுத்தபோது படித்ததை நினைவுக்குக் கொண்டுவருவது முன்னேறியிருக்கிறது. நினைவு வேறு, கவனம் வேறு. கவனத்தை மட்டும் அளந்துவிட்டு மூலிகையே பயனில்லை என்று தீர்ப்பெழுதுவது அவசரம்.

மருந்துக்கூடு:
நினைவு பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அது செறிவாக்கிய சாறு. நீர்ப்பிரமியின் முக்கியச் சத்தான பக்கோசைட்டின் அளவைச் சரிபார்த்துக் குளிசையாக்கியது. உலர்ந்த இலைத் தூள் ஒரு தேக்கரண்டியில் எவ்வளவு இருக்கும் என்று யாரும் அளப்பதில்லை. வெறுவயிற்றில் கொடுத்தால் வயிற்றுப்பிடிப்பு, குமட்டல், அடிக்கடி மலம் போதல் வரும். சாப்பாட்டோடு கொடுத்தால் குறையும்.

வல்லாரைக்கு 2017-ல் 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மீளாய்வு உண்டு. அறிவாற்றலில் போலி மருந்தைவிட வேறுபாடு கிடைக்கவில்லை.

சோத்துப்பானை:
நீங்கள் இருவரும் இலையிலும் எண்ணெயிலும் நிற்கிறீர்கள். கொழும்பில் ஒரு பிள்ளை வகுப்பில் தூங்கி வழிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இரும்பு. குறைபாடு இருக்கிறதா என்று அளக்கலாம், இருந்தால் நிரப்பலாம், நிரம்பியதா என்று திரும்ப அளக்கலாம். மற்ற எதற்கும் இந்த மூன்றும் ஒன்றாக இல்லை. பிரான்சில் செய்து 2008-ல் வெளிவந்த ஒரு சிறிய சோதனையில் இரத்தசோகை இல்லாத, ஆனால் பெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் இரத்த அளவு) 30-க்குக் கீழே இருந்த ஏடிஎச்டிப் பிள்ளைகள் 23 பேரில் 80 மி.கி. பெரஸ் சல்பேற்று (இரும்பு மருந்து) 12 வாரத்தில் அறிகுறிகளைக் குறைத்தது. 23 பேர்தான், அதை வைத்துக் கோயில் கட்ட முடியாது. ஆனால் இரும்புக்குறை இரத்தசோகை கற்றலைக் கெடுப்பது பற்றிச் சந்தேகமே இல்லை.

டொக்டரிடம் கேட்க வேண்டியது முழு இரத்த எண்ணிக்கை, பெரிட்டின், சிஆர்பி (உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சோதனை). மூன்றும் ஒரே நாளில். சிஆர்பி ஏன்? காய்ச்சலோ தடிமனோ இருந்தால் பெரிட்டின் பொய்யாக ஏறும். 5 வயதுக்கு மேல் சுகமாக இருக்கும் பிள்ளைக்குப் பெரிட்டின் லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. உடலில் அழற்சி இருந்தால் உலக சுகாதார நிறுவனம் 70 வரை சந்தேகப்படச் சொல்கிறது. 5 முதல் 11 வயதுக்கு ஹீமோகுளோபின் எல்லை டெசிலீற்றருக்கு 11.5 கிராம்.

அடுத்தது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) குறைவு என்று கண்டதும் இரும்பு எழுதுவது. தலசீமியாச் சுமப்பிலும் (பரம்பரை இரத்தக் குறையின் மரபணுவை நோயில்லாமல் சுமப்பது) எம்.சி.வி. குறையும். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுத்துப் பாருங்கள். 13-க்குக் கீழே வந்தால் சுமப்பைச் சந்தேகித்து ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. சோதனை கேளுங்கள். பெரிட்டின் சரியாக இருக்கும் சுமப்புப் பிள்ளைக்கு மாதக்கணக்கில் இரும்பு கொடுத்தாலும் எண்ணிக்கை அசையாது, மலச்சிக்கல்தான் மிச்சம்.

குறைபாடு உறுதியானால் கிலோவுக்கு 3 மி.கி. தனி இரும்பு (மருந்தின் மொத்த எடையல்ல, அதிலுள்ள இரும்பு மட்டும்), நாளுக்கு ஒருதரம். 20 கிலோப் பிள்ளைக்கு 60 மி.கி. நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மருந்தை மாற்றுவதற்கு முன் பிள்ளை உண்மையில் விழுங்குகிறதா, எதோடு விழுங்குகிறது என்று கேளுங்கள். பால்தேத்தண்ணியோடு விழுங்கினால் வேலை நடக்காது. எண்ணிக்கை சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும், சேமிப்பு நிரம்பவேண்டுமே. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். திரவ இரும்பைக் குழாயால் உறிஞ்சக் கொடுத்தால் பல்லில் கறை பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் குளிசைகளை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். கிலோவுக்கு 20 மி.கி.யில் நஞ்சு அறிகுறி தொடங்கும், 60 மி.கி.யில் உயிருக்கே ஆபத்து. அந்த வீட்டில் தவழும் 10 கிலோத் தம்பிக்கு 60 மி.கி. குளிசை பத்து இருந்தாலே அந்த எல்லைதான். இனிப்புக் கம்மியைத் தின்று பழகிய பிள்ளை குளிசையையும் இனிப்பென்றே நினைக்கும்.

கெய்சர் தெரு:
மருந்துக்கூடு நானாட்டை ஒரு கேள்வி. மீனெண்ணெய்க் குளிசையின் தோல் ஜெலட்டின். மாடா பண்டியா என்று மட்டையில இல்ல. அதோட ‘1000 மி.கி.’ என்று பெரிசாப் போட்டிருக்கு, விலையும் அதுக்கேத்த மாதிரி. அதுல எவ்வளவு உண்மையான சாமான்?

மருந்துக்கூடு:
1000 மி.கி. என்பது மொத்த எண்ணெய். சாதாரணக் குளிசையில் ஈபிஏ 180, டிஎச்ஏ 120, ஆக 300 மி.கி. மட்டையின் பின்பக்கச் சிறு எழுத்தைக் கூட்டிப் பாருங்கள், முன்பக்கம் விளம்பரம். மேலே சொன்ன தாய்வான் அளவுக்கு வர இந்தக் குளிசை ஆறேழு வேண்டும். எந்தப் பிள்ளை விழுங்கும்?

ஜெலட்டின் மூலம் எழுதியில்லை என்றால் ஹலால் சான்று உள்ளதைத் தேடுங்கள். அல்லது பாசியிலிருந்து எடுத்த டிஎச்ஏ திரவம், அது மரக்கறிச் சாப்பாட்டுக்காரருக்கும் பொருந்தும். ஆளிவிதையை நம்பி இருக்க வேண்டாம், அதிலுள்ளது டிஎச்ஏ ஆக மாறுவது மிகச் சிறு பங்கு.

இன்னொன்று, கொழும்புச் சூடு. நேர் வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் நிற்கும் மீனெண்ணெய் கெட்டுப்போகும். வாங்கிய அன்றே ஒரு குளிசையைக் குத்தி மணந்து பாருங்கள். கடல் மணம் பரவாயில்லை, பழைய பெயின்ற் மணம் என்றால் திருப்பிக் கொடுங்கள். எலுமிச்சை வாசனை சேர்த்த திரவங்களில் இந்தச் சோதனை ஏமாற்றும். திறந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

கொட் லிவர் ஒயில் வேறு சாமான். வைட்டமின் ஏ குறைத்துச் சுத்திகரிக்காத எண்ணெயில் ஒரு தேக்கரண்டிக்கே ஏறத்தாழ 1350 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. 4 முதல் 8 வயதுக்கு நாள் உச்சவரம்பு 900. ‘இரண்டு கரண்டி கொடுத்தால் இரண்டு மடங்கு புத்தி’ என்று நினைப்பவர் ஈரலைத்தான் கெடுப்பார். சேர்த்து ஒரு மல்டிவைட்டமின் கம்மி வேறு. இந்தக் கம்மிகளில் பெரும்பாலானவற்றில் இரும்பு கிடையாது, ஆனால் வைட்டமின் ஏ இருக்கும்.

நாகத்துக்கும் (சிங்க்) அதே கதை: 4 முதல் 8 வயதுக்கு உச்சவரம்பு 12 மி.கி. கூடினால் உடலில் செம்பு குறையும்.

கடுக்காய்:
குளிசையையும் போத்தலையும் இப்படிக் கிழித்தால் நான் கைதட்டுவேன். நான் பேசுவது உணவாகக் கொடுக்கும் மூலிகையைப் பற்றி. வல்லாரைக் கஞ்சி. சிவப்புப் பச்சையரிசி கால் கப், தண்ணீர் நாலு கப், அரிசி குழையும்வரை. ஒரு சின்னக் கட்டு இலையை ஒரு கப் தண்ணீரில் அரைத்து வடித்து, தேங்காய்ப்பால் அரைக் கப்போடு கடைசியில் ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு இறக்க வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் நிறம் மங்கிக் கைக்கும். உப்பு, கித்துள் கருப்பட்டி. காலையில் பாடசாலை வானுக்கு ஓடும் பிள்ளைக்குப் பிஸ்கட்டும் பிளேன்ரீயும் கொடுப்பதைவிட இது நூறு மடங்கு மேல். புத்தி வளர்கிறதோ இல்லையோ, வயிறு நிரம்பும்.

மருந்துக்கூடு:
கஞ்சிக்கு எதிர்ப்பில்லை. ஆனால் ‘உணவாகக் கொடுத்தால் பாதுகாப்பு’ என்ற வரியைத் தனியே விட்டுவிட முடியாது. வசம்பை எடுங்கள். பிள்ளை வளர்ப்பான் என்று பெயரே வைத்திருக்கிறோம், சுட்டு உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்கிறோம். ஆசிய வகை வசம்பில் பீற்றா-அசரோன் என்ற இரசாயனம் மிக அதிகம். எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் தடைசெய்தது. பழைய முறைப்படி காய்ச்சும் பிரமி நெய்யில் இந்த வசம்பும் ஒரு சரக்கு. போத்தலில் ‘பிரமி’ என்று மட்டும்தான் பெரிய எழுத்து.

உலோகமும் அப்படித்தான். 2004-ல் வெளிவந்த ஆய்வில், பொஸ்டன் நகரைச் சுற்றிய கடைகளில் வாங்கிய 70 தென்னாசிய ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்தது. ஈயம் கவனத்தையும் புத்தியையும் நேரடியாகக் கெடுக்கும். கவனத்துக்கென்று வாங்கிய மருந்தே கவனத்தைத் தின்றால் யாரிடம் போய் முறையிடுவது?

கடுக்காய்:
உலோகம் சேர்வது பெரும்பாலும் பாடாணமும் (நச்சுத் தாதுக்கள்) பற்பமும் (சுட்டுப் பொடித்த உலோகம்) சேர்ந்த ரச மருந்துகளில். அவற்றைப் பட்டம் பெறாத ஒருவரிடம் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுப்பது குற்றம் என்றே சொல்வேன். பச்சை இலையை அதோடு ஒரே கூடையில் போடாதீர்கள். வசம்பைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை, கைக்குழந்தைக்கு நாள்தோறும் தடவுவதை நானும் நிறுத்தச் சொல்கிறேன். நாவின்னையில் பண்டாரநாயக்க ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சந்தேகமான சரக்கை முகநூலில் கேட்பதைவிட அங்கே போய்க் கேட்கலாம்.

சோத்துப்பானை:
பச்சை இலையும் நின்ற இடத்தைப் பொறுத்தது, ஐயா. வல்லாரையும் நீர்ப்பிரமியும் சதுப்பில் நிற்பவை, தண்ணீரிலிருக்கும் காட்மியத்தையும் ஈயத்தையும் உறிஞ்சும். நகரக் கழிவு ஓடும் வாய்க்கால் ஓரத்தில் பறித்ததை அரைத்தால் சாறாகவே இறங்கும்.

மீனுக்கும் ஒரு சொல். பேலியகொடை மீன் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சாளை போன்ற எண்ணெய் மீனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1 கிராம் ஈபிஏயும் டிஎச்ஏயும் இருக்கும், பருவத்துக்கு மாறும். அதாவது மூன்று குளிசை. வாரத்தில் இரண்டு தரம் குழம்பாக. ஆழ எண்ணெயில் பொரித்தால் ஒரு பங்கு பொரித்த எண்ணெயோடு போய்விடும். சுறா, தலபத் போன்ற பெரிய மீன்களைச் சிறுபிள்ளைக்கு அடிக்கடி வேண்டாம், பாதரசம்.

சோற்றோடு தேத்தண்ணி கொடுப்பதை நிறுத்துங்கள். கீரை, பருப்பின் இரும்பு பாதிக்கு மேல் உறிஞ்சாமல் போகலாம். ஒரு மணித்தியாலம் இடைவெளி, சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளி. ஐந்து சதம் செலவில்லாத மாற்றம், அதனால்தான் யாரும் விளம்பரம் போடுவதில்லை.

கரும்பலகை:
எல்லாரும் வயித்துக்குள்ளயே நிக்கிறீங்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணித்தியாலம் நித்திரை வேணும். வான் 5.45க்கு வந்தா பிள்ளை 5க்கு எழும்பும். ரியூஷன் முடிஞ்சு வீட்டுப்பாடம் முடிஞ்சு 10 மணிக்குப் படுத்தா ஏழு. அந்த இரண்டு மணித்தியாலக் கடனை எந்த சிரப் அடைக்கும்?

‘கவனமில்லை’ எண்டு சொல்ல முதல் கண்ணும் காதும் பாருங்கோ. கரும்பலகை தெரியாத பிள்ளை ஜன்னலைத்தான் பாக்கும். கதைச்சுக் கொண்டிருக்கேக்கை பத்துப் பதினைஞ்சு செக்கன் வெறிச்சுப் பாத்திட்டு, கூப்பிட்டாலும் திரும்பாம, பிறகு விட்ட இடத்தில தொடருதா? அது வலிப்பின் ஒரு வகையா இருக்கலாம், நரம்பியல் கிளினிக்குக்கு அனுப்ப வேணும். ஏடிஎச்டி எண்டு சொல்ல, 12 வயசுக்கு முதல் தொடங்கி, ஆறு மாசமாவது, வீடு பள்ளிக்கூடம் எண்டு இரண்டு இடத்திலயாவது இருக்க வேணும். ரியூஷனில மட்டும் கவனமில்லை எண்டா ரியூஷனைப் பாருங்கோ.

இல்லை, நாங்கள் குடுத்துத்தான் பாக்கப் போறம் எண்டால் ஒழுங்கா அளங்கோ. ஒரே நேரத்தில ஒண்டை மட்டும் தொடங்குங்கோ. முதல் இரண்டு கிழமை ஒண்டும் குடுக்காம, 40 நிமிஷப் பாடத்தில எத்தனை தரம் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கு, எத்தனை வேலை முடியாமக் கிடக்கு எண்டு வகுப்பாசிரியரை எழுதச் சொல்லுங்கோ. பிறகு 12 கிழமை குடுங்கோ, பிறகு நாலு கிழமை நிப்பாட்டுங்கோ. எப்ப தொடங்கினது, எப்ப நிப்பாட்டினது எண்டு ஆசிரியருக்குச் சொல்லக்கூடாது. சொன்னா அவரும் நல்லதைத்தான் காண்பார், தாய்தகப்பன் மாதிரி.

கடுக்காய்:
நிறுத்திப் பார்க்கும் நாலு வாரம் நீர்ப்பிரமிக்குப் போதாது, அதன் குணம் மெதுவாகத்தான் இறங்கும். எட்டு வாரம் வையுங்கள். மற்றபடி கரும்பலகை சொல்வதில் எனக்கு ஒரு லாபமும் உண்டு: பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஓடிவந்து போத்தல் கேட்பவர்களுக்குக் காட்ட இது போதும். பெரியவர்களிலேயே 12 வாரம் கேட்கும் மூலிகை, ஆறு வாரத்தில் புலமைப்பரிசில் வாங்கித் தராது.

மருந்துக்கூடு:
இது ஒன்றிலாவது ஒத்துப்போகிறோம். ஆனால் ‘மெதுவாக இறங்கும்’ என்பதற்குப் பிள்ளைகளில் அளந்த ஆதாரம் வேண்டும். அதையும் பெரியவர்களிலிருந்து கடன் வாங்காதீர்கள்.

தெஹிவளைத் தென்றல்:
போத்தல் பக்கம் போகவில்லை. பெரிட்டினும் சிஆர்பியும் எழுதிக் கேட்கலாம் என்றிருக்கிறேன். ஒரு சின்னக் கேள்வி மட்டும்: கஞ்சிக்கு வல்லாரையை எப்படிக் கழுவுவது? உப்புத் தண்ணீர் போதுமா?

சோத்துப்பானை:
உப்புத் தண்ணீர் புழு பூச்சியைக் கழற்றும், கிருமியைக் கொல்லாது. வேரையும் அடித்தண்டில் ஒரு விரற்கடையையும் வெட்டி எறியுங்கள், சேறு அங்கேதான் ஒட்டும். இலை இலையாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் மூன்று தரம். சிறுபிள்ளைக்குப் பச்சைச் சம்பலைவிடக் கஞ்சி, ஏனென்றால் சாறு கொதிக்கிறது. உலோகத்துக்கு மட்டும் கழுவலும் இல்லை, கொதியும் இல்லை.

கடுக்காய்:
அதனால் வேரோடு கட்டிய கட்டாகப் பார்த்து வாங்குங்கள். நறுக்கிப் பையில் போட்டது எங்கே நின்றது என்று சொல்லாது. வேர்ச்சேற்றை விரலால் தேய்த்து மணந்து பாருங்கள். கறுத்து, வாய்க்கால் நாற்றமோ எண்ணெய் வாடையோ வந்தால் கட்டைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த கூடைக்குப் போங்கள்.